கணுக்காலில் விரல் வைத்துப் பார்த்தல்: ஒட்டாவா விதிகளின் வரலாறு

கால் பிசகி விழுந்து, நொண்டியபடி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பார்க்கும் மருத்துவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறதா அல்லது எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மட்டும் இழுபட்டுச் சுளுக்கியிருக்கிறதா என்பதே. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், இன்றும் அவர் பெயரால் வழங்கும் கணுக்கால் முறிவை விவரித்தபோது, கண்ணையும் விரல்நுனியையும் தவிர அதற்கு வேறு துணை இருக்கவில்லை. 1895இன் இறுதியில் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த சில மாதங்களிலேயே மருத்துவர்கள் எலும்புகளைப் படம்பிடிக்கத் தொடங்கினர். அதன்பின் விரலின் தீர்ப்பை நம்பி இருக்க வேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வட அமெரிக்காவில் கணுக்காலில் அடிபட்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுப்பது ஏறத்தாழச் சடங்காகிவிட்டது. ஆனால் அவர்களில் முறிவு இருந்தவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவே. ஒரு படத்துக்கு ஆகும் செலவு சிறிதுதான் என்றாலும், இக்காயம் மிகப் பரவலானது என்பதால் மொத்தச் செலவும் நோயாளிகளின் காத்திருப்பும் பெரிதாயின.

இந்த வழக்கத்தை ஆய்வுக்கு உட்படுத்தியவர் கனடாவின் ஒட்டாவா நகரில் அவசர மருத்துவராக இருந்த இயன் ஸ்டீல். அவருடைய குழு 1992இல் வெளியிட்ட முதல் ஆய்வில், இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்த 750 நோயாளிகளை 21 மருத்துவர்கள் பரிசோதித்து, வீக்கம், வலியின் இடம், நடக்கும் திறன், வயது முதலிய 32 கூறுகளைப் படிவத்தில் பதிந்தனர். பதிவு முடிந்த பிறகே படத்தின் முடிவு ஒப்பிடப்பட்டது. எது முறிவு என்பதற்கு அவர்கள் வகுத்த வரையறையும் கவனத்துக்கு உரியது. 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள எலும்புத்துண்டு உடைந்திருந்தால் மட்டுமே அது முக்கியமான முறிவாகக் கொள்ளப்பட்டது. அதற்கும் சிறிய சிதைவுகளுக்குச் சுளுக்குக்குரிய சிகிச்சையே போதும் என்பதால், அவை கண்ணில் படாமல் போனாலும் நோயாளிக்குத் தீங்கில்லை. நோயைக் கண்டறிவதன் அளவுகோலைப் படத்தில் தெரியும் கோட்டிலிருந்து நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்புக்கு மாற்றிய இந்த முடிவுதான், இவ்வாய்வின் மிகத் துணிவான பகுதி. அவ்வரையறையின்படி, 689 கணுக்கால் படங்களில் 70 முறிவுகளே இருந்தன.

எந்தக் கூறுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 70இல் ஒன்றும் தப்பாது என்பதைப் புள்ளியியல் முறையில் பிரித்துப் பிரித்துக் கண்டனர். முறிவு உள்ளவரைத் தவறாமல் பிடிக்கும் ஆற்றலை மருத்துவப் புள்ளியியலில் உணர்திறன் என்பர். அது 100 சதவீதமாக இருக்க வேண்டும் என்று ஸ்டீல் குழுவினர் வற்புறுத்தியதால், முறிவில்லாதோரில் சுமார் 40 சதவீதத்தினரை மட்டுமே படமெடுக்காமல் அனுப்ப முடிந்தது. முறிவைத் தவறவிட அஞ்சும் மருத்துவர் ஏற்கக்கூடிய விதி இத்தகையதாகத்தான் இருக்க முடியும்.

முதல் வடிவில் 55 வயதைக் கடந்திருப்பதும் ஓர் அடையாளமாக இருந்தது. 1993இல் புதிய நோயாளிகளிடம் விதியைச் சோதித்துச் செம்மைப்படுத்தியபோது அது கைவிடப்பட்டது. எஞ்சியவை எளியவை. கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் நுனியையோ, பின்விளிம்பின் கீழ்ப்பகுதியில் 6 சென்டிமீட்டர் நீளத்தையோ அழுத்தும்போது எலும்பில் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், கணுக்கால் படம் தேவை. பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்தால், சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் நீள எலும்பின் அடியும் உட்புறப் படகெலும்பும் அவ்வாறே அழுத்திப் பார்க்கப்படும். எல்லோரும் முதலில் கவனிக்கும் வீக்கத்துக்கு இவ்விதியில் இடமில்லை.

நடைமுறையில் விதி பயன்படுமா என்பதை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. விதியைக் கையாண்ட மருத்துவமனையில் கணுக்கால் படங்கள் 28 சதவீதம் குறைந்தன. கையாளாத மருத்துவமனையில் 2 சதவீதம் கூடின. முறிவில்லாதோரில் படமெடுத்தவர்கள் சராசரியாக 116 நிமிடங்கள் இருக்க, எடுக்காதவர்கள் 80 நிமிடங்களில் வீடு திரும்பினர். எனினும், கவனிப்பில் நிறைவு தெரிவித்தோர் முன்னவரில் 96 சதவீதம், பின்னவரில் 95 சதவீதம். படமெடுக்காவிட்டால் நோயாளி கோபிப்பார் என்ற நெடுநாள் எண்ணத்துக்கு ஆதாரமில்லை என்பதை இந்த இரண்டு எண்கள் காட்டின. 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளையும் 15,581 நோயாளிகளையும் ஒருங்கே நோக்கி, விதி தவறவிடும் முறிவுகள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று முடிவு செய்தது.

இருப்பினும் விதி எங்கும் ஒரேபோல் வேரூன்றவில்லை. 2001இல் ஐந்து நாடுகளின் அவசர மருத்துவர்களிடையே நடந்த கணிப்பில், கனடாவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலோர் இதைக் கையாண்டனர். அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் பயன்பாடு மிகக் குறைவாக இருந்தது. மேலும், மது அருந்தியோரிடமும், நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியோரிடமும் இவ்விதியை நம்ப இயலாது. அழுத்தும் விரலுக்கு வலியால் பதில் சொல்ல அவர்களால் முடியாது.