கரம் அடைச்சாச்சா? எல்லைத் தமிழரும் இரு வரிகளும்

"ஊர்ல கரம் அடைச்சாச்சா?" பாலக்காடு, சித்தூர், தேவிகுளம், பீருமேடு பக்கத்துத் தமிழருக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டார் தீர்வை, கிஸ்தி என்பதை நாம் மலையாள வழக்கையொட்டிக் கரம் என்கிறோம். ஆனால் கரம் வேறு, வருமான வரி வேறு. நிலம் எங்கே இருக்கிறது என்று கரம் பார்க்கும். ஆள் எங்கே இருக்கிறார் என்று வருமான வரி பார்க்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி, "நான்தான் வெளிநாட்டுக்காரன் ஆயிட்டேனே, எனக்கென்ன வரி?" என்று இருந்துவிடுவது ஆபத்து.

முதலில் நிலத்தின் கதை. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிக்கை எழுந்தும், தோவாளை முதலிய தெற்குத் தாலுகாக்களே அங்கே போயின. இவ்விரண்டும் கேரளத்தில் நின்றன. குடியிருப்பவர் இடம் பெயரவில்லை. அவர் கரம் கட்டும் அரசுதான் மாறியது.

திருவிதாங்கூரில் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் திவானாக இருந்தபோது, 1946இல், ஏக்கருக்கு 14 சக்கரம் என ஒரே சீரான அடிப்படை வரி வந்தது. இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். ஆக, ஏறக்குறைய அரை ரூபாய். பிறகு 1955ஆம் ஆண்டின் திரு-கொச்சி நிலவரிச் சட்டம் 1957இல் திருத்தப்பட்டு மலபாருக்கும் நீண்டது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏக்கருக்கு 2 ரூபாய். மண்ணார்க்காட்டு மூப்பில் நாயரின் காட்டு நிலத்தில் ஆண்டு வருமானம் 3,100 ரூபாய். அவருக்கு விதித்த வரியோ 54,000 ரூபாய்! உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அதன் பிறகே 1961ஆம் ஆண்டுக் கேரள நிலவரிச் சட்டம் பிறந்தது.

இனி ஆளின் கதை. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 1939இல் திருத்தப்பட்டபோது 182 நாள் கணக்கு நுழைந்தது. அதோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஒருவருக்காக இங்கே 182 நாள் ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, அந்த ஆண்டில் அவர் ஒரு நாள் வந்து போனாலும் அவர் இங்கு வசிப்பவரே. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடே ஆளைப் பிடித்துக் கொடுத்தது.

கூட்டுக் குடும்பத்துக்கு விதி வேறு. நிர்வாகம் எங்கே நடக்கிறது என்பதே அளவுகோல். கொழும்பில் வியாபாரம் செய்த கானாடுகாத்தான் செட்டியார் குடும்பம் ஒன்றின் தலைவர் 1941-42இல் ஏழு தடவை வந்து மொத்தம் 101 நாள் தங்கினார். நிர்வாகம் முழுக்க வெளியேதான் நடந்தது என்று அவரால் காட்ட முடியவில்லை. குடும்பம் இங்கு வசிப்பதாகவே 1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டு நிபந்தனை 30 நாள் தங்கலோடு தொடர்ந்தது. 1982ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை நீக்கிவிட்டது. வேலைக்காக வெளிநாடு புறப்பட்ட ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கிருந்தால் அவர் வெளியில் வசிப்பவர் என்றானது. அப்போது ஒரு சந்தேகம் எழுந்தது. "வேலை" என்றால் சம்பள வேலை மட்டும்தானா? வளைகுடாவில் கடை வைத்தவர், சொந்தத் தொழில் பார்ப்பவர் கதி என்ன? கேரள உயர் நீதிமன்றம் 2011இல் இதற்கு விடை சொன்னது: சொந்தத் தொழிலும் வேலையில் அடங்கும். நம்மவர் பலருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் 2020இல் விதி இறுகியது. வேறெந்த நாட்டிலும் வரிக் கடமை இல்லாத இந்தியக் குடிமகனின் வருமானம், வெளிநாட்டில் ஈட்டியது நீங்கலாக, 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அவர் இங்கு வசிப்பவராகவே கருதப்படுவார். அப்போதும் பொதுவாக அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது. ஆனால் இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானத்துக்கு வரும். துபாயில் கடையும் பாலக்காட்டில் நிர்வாகமும் என்றால் கவனம் தேவை. ஊரில் வரும் வாடகைக்கோ, எங்கே வசித்தாலும் இங்கே கணக்குக் காட்டியாக வேண்டும்.

மூணாறுத் தேயிலையில் இன்னொரு கணக்கைக் காணலாம். தேயிலை வருமானத்தில் நூற்றுக்கு 40 தொழில் வருமானம் என்று மத்திய அரசின் வரிக்கு உட்பட்டது. 60 விவசாய வருமானமாக மாநிலத்தின் வரி அதிகாரத்துக்கு விடப்பட்டது. அரசுகள் இப்படிப் பங்கு பிரித்த வருமானத்தைக் கொழுந்து கிள்ளி விளைவித்தவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக லயத்து வீட்டில் வாழ்ந்து, வேலை ஓய்ந்ததும் அதைக் காலி செய்து போனவர்கள். அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலத்துக்கும் கரச் சீட்டு இருந்ததில்லை. அந்தச் சீட்டின் அருமையை அவர்களைக் கேட்டால் தெரியும்.

கரச் சீட்டு உரிமைப் பத்திரம் ஆகாதுதான். ஆனாலும் அனுபவத்துக்கு அது சாட்சி. விற்கவோ கடன் வாங்கவோ போனால் முதலில் கேட்பது அதைத்தான். இப்போது இணையத்திலேயே கட்டலாம். ஆனால் தண்டப்பேர்க் கணக்கில் இன்னும் தாத்தா பெயரே இருந்தால், அடுத்த தடவை லீவுக்குப் போகும்போது வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு முடித்துவிடுங்கள். நாள் கணக்கு ஆளை விடுவிக்கும், நிலத்தை விடுவிக்காது.