ஒரு பாட்டுக்கு இரண்டு டாலர்

காமர்ஸ் படிப்பவனுக்குப் பக்திப் பாட்டிலும் வரவு செலவுதான் கண்ணில் படும் போல :-) இன்றைக்கு ஃபேனி கிராஸ்பியின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

1820-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1864-இல் வில்லியம் பிராட்பரி என்ற இசையமைப்பாளருக்காகப் பாட்டு எழுத ஆரம்பித்தார். 1915-இல் இறக்கும் வரை எழுதியவை 8000-க்கும் மேல்!

'ஆல் தி வே மை சேவியர் லீட்ஸ் மீ' 1875-இல் வெளிவந்தது. வாழ்க்கைப் பாதை முழுக்க இயேசு கூடவே நடத்திச் செல்கிறார் என்பதுதான் அதன் கருத்து. ஐந்து டாலர் அவசரமாகத் தேவைப்பட்டது, ஜெபித்தார், யாரோ ஒருவர் வந்து சரியாக அதே தொகையைக் கொடுத்துவிட்டுப் போனார், அந்த நன்றியில் பிறந்த பாட்டு இது என்று சொல்வார்கள்.

எனக்கு உறுத்தியது அந்த ஐந்து டாலர்தான். இவ்வளவு எழுதியவரிடம் அது கூடவா இல்லை?

பாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர்தான் கிடைத்தது. உரிமை பதிப்பகத்துக்கு, ராயல்டி கிடையாது. 8000 பாட்டுக்கும் இரண்டு டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16,000. ஐம்பது வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 320 டாலர், அவ்வளவுதான். ஒரே புத்தகத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று ஏகப்பட்ட புனைபெயர்கள் வேறு. ஆக, பெயரும் முழுதாகச் சேரவில்லை.

1903-இல் வில் கார்ல்டன் என்ற கவிஞர் இவருடைய வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். பதிப்பகம் இவருக்குக் குறைவாகத்தான் கொடுத்தது என்ற பேச்சு அப்போது கிளம்பியது. பதிப்பகத்துக்குக் கோபம். கிராஸ்பியோ பதிப்பகத்தின் மேல் குறை சொல்லவில்லை. கையில் வந்ததையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். நியூயார்க்கின் பவரி பகுதியில் வீடில்லாதவர்கள், குடிக்கு அடிமையானவர்கள் நடுவில் சேவை செய்தவர் அவர்.

"அவரே திருப்தியாக இருந்தார், அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். அந்தத் திருப்தி அவருடைய நல்ல குணம். அதைக் காட்டிப் பதிப்பகத்தின் கணக்கு சரி என்று சொல்லிவிட முடியாது. பணம் வேண்டாம் என்கிறவருக்கும் நியாயமான கூலியை எடுத்து நீட்டத்தான் வேண்டும். அதை வாங்கி யாருக்குக் கொடுப்பது என்பது அவர் இஷ்டம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?