கணக்கும் தீர்ப்பும்: செயற்கை நுண்ணறிவு குறித்த விவாதத்தின் முன்வரலாறு

அப்பாஸியக் கலீபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயரே இலத்தீனில் திரிந்து இன்று 'அல்காரிதம்' என வழங்குகிறது. இச்செய்தியை மேடைதோறும் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் நாம், அப்பெருமகனார் தம் 'அல்ஜப்ர்' நூலை எதற்காக எழுதினார் என்று கேட்பது அரிது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்கு உதவவே அதனை இயற்றியதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். நூலின் ஏறத்தாழப் பாதி, வஸிய்யத் தொடர்பான கணக்குகளாலேயே நிரம்பியிருக்கிறது. எவர் வாரிசு, எந்தச் சாசனம் செல்லும், எது செல்லாது என்பனவற்றைச் சட்ட அறிஞர்கள் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவு கிடைத்த பின்னரே அல்ஜப்ரின் வேலை தொடங்கும். ஆக, அந்நூலில் கணக்கு தீர்ப்புக்குப் பின்னால் நடந்தது.

இவ்வரிசை தலைகீழாக மாறலாமா என்பதுதான், செயற்கை நுண்ணறிவின் அறநெறி குறித்து மேலைநாடுகளில் முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் பொது விவாதத்தின் உயிர்நாடி. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பிறகே இவ்விவாதம் பிறந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கணிப்பொறி பிறந்த காலத்திலேயே இதுவும் பிறந்துவிட்டது.

தொடக்கி வைத்தவர் நார்பர்ட் வீனர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான கணிதத்தில் ஈடுபட்டவர். ஏவுகணை ஆய்வுக்காகத் தம் போர்க்கால அறிக்கையொன்றைக் கேட்டவருக்கு அதனைத் தர மறுத்து அவர் எழுதிய மடல், 1947 ஜனவரியில் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் வெளிவந்தது. பின்னர் 1960இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், கற்றுக்கொள்ளும் எந்திரங்களின் வேகம் மனிதன் குறுக்கிட்டுத் தடுக்கும் வேகத்தை மிஞ்சிவிடக்கூடும் என எச்சரித்தார். அதே ஆண்டு அதே இதழில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல் மறுப்பு எழுதினார். தாமே கற்றுச் செக்கர்ஸ் ஆடும் நிரலை உருவாக்கிப் புகழ் பெற்றவர் அவர். எந்திரத்துக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்றில்லை. மனிதன் இட்டதையே அது செய்கிறது என்பது அவர் வாதம். நம் கருத்தில் இது வீனரின் அச்சத்துக்கு விடையாகாது. எந்திரத்துக்குத் தீய எண்ணம் வரும் என வீனர் சொல்லவில்லை. எண்ணமே இல்லாத ஒன்று, தவறாக இடப்பட்ட கட்டளையைக் கடைசி எழுத்துவரை நிறைவேற்றிவிடும் என்றே அஞ்சினார். இதை விளக்க அவர் தம் எழுத்துகளில் துணைக்கு அழைத்தவற்றுள் 'ஆயிரத்தோர் இரவுகள்' கூறும் மீனவனும் ஜின்னும் கதையும் ஒன்று.

விவாதத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியவரும் எம்.ஐ.டி. பேராசிரியரே. ஜோசப் வைசன்பாம் 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர். 'எலைசா' எனும் உரையாடல் நிரலை அவர் 1966இல் வெளியிட்டார். உளநல மருத்துவர் நோயாளியிடம் பேசும் பாங்கில், எதிரிலிருப்பவர் தட்டச்சு செய்யும் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்குவதன்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆயினும், அது உருவாவதைப் பல மாதங்கள் கண்ணால் கண்ட அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது நேரம் உரையாடியதும் பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாமைத் துணுக்குறச் செய்தது இது மட்டுமன்று. இத்தகைய நிரல்களை மருத்துவமனைகளில் சிகிச்சைக்கே பயன்படுத்தலாம் என உளநல மருத்துவர்கள் சிலர் எழுதத் தொடங்கினர். பிறர் துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், அத்தொழிலில் மனிதன் தேவையில்லை என எப்படி எண்ண முடிந்தது? எந்திரத்தைப் பற்றிய வியப்பைவிட மனிதனைப் பற்றிய இவ்வினாவே அவரை வாட்டியது. பத்தாண்டுகள் கழித்து, 1976இல், 'கணிப்பொறி ஆற்றலும் மனிதப் பகுத்தறிவும்' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் இதிலிருந்தே விளைந்தது.

'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே சூட்டியவரான ஜான் மெக்கார்த்தி, கணிப்பொறிக்குச் சொல்லித்தர முடியாத எதை நீதிபதிகள் அறிந்திருக்கிறார்கள் என வினவியதையும், எதுவுமில்லை என்பதே அவரது விடை என்பதையும் அந்நூல் பதிவு செய்கிறது. வைசன்பாம் இதற்கு அளித்த மறுமொழி கவனித்தற்குரியது. எந்திரத்தால் அது முடியாது என்று வாதிட்டு அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. முடிந்தாலும் அப்பணியை அதனிடம் ஒப்படைத்தல் தகாது என்றார். கணக்கிட்டுத் தீர்மானிப்பது வேறு, பொறுப்பேற்றுத் தேர்வு செய்வது வேறு என்பதே அவர் கண்ட பிரிவு. மெக்கார்த்தி அதே ஆண்டில் கடுமையான மதிப்புரை எழுதி, நூலாசிரியர் அறநெறி உபதேசம் செய்கிறார் எனக் கண்டித்தார்.

நீதிபதி பற்றிய வினா நாற்பதாண்டுகள் கழித்து உண்மையான நீதிமன்றத்திலேயே எழுந்தது. குற்றவாளி மீண்டும் குற்றமிழைக்கும் வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தரும் 'காம்பாஸ்' நிரலைத் தண்டனை விதிப்பில் பயன்படுத்தலாமா என்ற வழக்கில், விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில், எச்சரிக்கைக் குறிப்புடன் பயன்படுத்தலாம், அதுவே முடிவை நிர்ணயித்துவிடக் கூடாது என்றது. அம்மதிப்பெண் கணக்கிடப்படும் முறை வணிக இரகசியமாகவே நீடித்தது.

இதற்குப்பின் பிரகடனங்கள் பெருகின. 2020 பிப்ரவரி 28 அன்று ரோமில் 'ரோம் அழைப்பு' கையொப்பமாயிற்று. 2023 ஜனவரியில் யூத அறிஞர்களோடு ஷெய்கு அப்துல்லாஹ் பின் பைய்யாஹ் அவர்களும் அதில் இணைந்தார்கள். மூன்று சமயத்தார் ஒரே தாளில் ஒப்பமிட்டது சிறிய செய்தியன்று. எனினும் இத்தகைய ஆவணங்களைவிட, அவ்விவாதத்தின் உண்மையான கனத்தை நாம் ஹாலந்தில்தான் காண்கிறோம்.

ஹாலந்தில் பணிபுரியும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகச் செலவில் அரசு மானியம் தருகிறது. 2013 முதல் அந்நாட்டு வரித்துறை, விண்ணப்பங்களுள் மோசடியானவை எவையென ஊகிக்க, தானே கற்கும் நிரலொன்றைப் பயன்படுத்தியது. விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உடையவரா என்பதும் அது எடைபோட்ட கூறுகளுள் ஒன்று. உயர்ந்த மதிப்பெண் பெற்ற கோப்பு ஓர் அலுவலரிடம் போகும். ஏன் உயர்ந்தது என்பது அவருக்குச் சொல்லப்படாது. பல்லாயிரம் பெற்றோர் பாதிக்கப்பட்டனர். துருக்கி, மொராக்கோ, சூரிநாம் வழிவந்தோர் தம் மக்கள்தொகை விகிதத்தைவிட மிகுதியாக அவர்களுள் இருந்தனர். பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டு வீடிழந்தோர் உண்டு, மணமுறிந்தோர் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வைக்கப்பட்டனர். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு தன் அறிக்கைக்கு 'முன்கண்டிராத அநீதி' எனும் பொருளில் தலைப்பிட்டது. 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவை பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம், குடியுரிமைத் தகவலை முறைகேடாகக் கையாண்டதற்காக வரித்துறைக்கு 27.5 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது.

பழியை நிரலின்மேல் மட்டும் சுமத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பெற்றோர் செலுத்த வேண்டிய பங்கில் சிறு தொகை குறைந்தாலும் ஆண்டு முழுமைக்குமான மானியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விளக்கத்தை எந்த எந்திரமும் உருவாக்கவில்லை. அது மனிதர் சட்டத்துக்குத் தந்த பொருள். அலுவலர்கள் அதனைப் பின்பற்றினர். பெற்றோர் முறையிட்டபோது, உச்சநிலை நிர்வாக நீதிமன்றமாகிய அரசவையும், விகிதம் பார்த்துக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை எனக் கூறி ஆண்டுக்கணக்கில் அதனையே உறுதி செய்தது. இரக்கத்துக்கும் சூழ்நிலைக்கும் இடமளிக்கும் என்று எதை நம்பி வைசன்பாம் நீதிபதியை எந்திரத்திலிருந்து பிரித்தாரோ, அதனை அந்நீதிபதிகள் தாமாகவே கைவிட்டிருந்தனர். மனிதன் தன்னையே எந்திரமாகக் காணப் பழகிவிடுவான் என்ற அவருடைய மற்றோர் அச்சம் இங்கே பலித்தது.

2019 அக்டோபரில் அரசவை தன் நிலைப்பாட்டை மாற்றி, சூழ்நிலைக்கேற்பத் தொகையைக் குறைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டம் மாறவில்லை. அதனை வாசித்த முறையே மாறியது. 2021 நவம்பரில் அந்நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளை ஆராய்ந்த அறிக்கையை வெளியிட்டது. அதன் தலைவர் பெற்றோரிடம் மன்னிப்புக் கோரினார்.