ஜார்ஜ் மக்கே பிரவுன்

ஜார்ஜ் மக்கே பிரவுன் (1921–1996) ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பாலுள்ள ஆர்க்னித் தீவுகளில், ஸ்ட்ராம்னெஸ் என்னும் துறைமுக ஊரில் தபால்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கல்விக்காக வெளியே தங்கிய ஆண்டுகள் நீங்கலாகத் தம் வாழ்நாள் முழுவதையும் அவ்வூரிலேயே கழித்த கவிஞரும் கதாசிரியரும் ஆவார். 1941இல் காசநோய்க்கு ஆளான அவர், 1951இல் நியூபாட்டில் ஆபி கல்லூரியில் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்த ஆர்க்னிக் கவிஞர் எட்வின் மியூரே அவருடைய முதல் தொகுப்பான 'த ஸ்டார்ம்' (1954) நூலுக்கு முன்னுரை எழுதினார்.

கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், சிறுவர் கதை, செய்தித்தாள் பத்தி எனப் பல வடிவங்களில் எழுதிய போதிலும், அவர் எடுத்தாண்ட பொருள் பெரும்பாலும் ஒன்றே: பாதி உழவராகவும் பாதி மீனவராகவும் வாழும் தீவு மக்கள். 'ஃபிஷர்மென் வித் ப்ளவ்ஸ்' (1971) என்னும் கவிதைத் தொடர், ஹோய் தீவின் ராக்விக் பள்ளத்தாக்கில் நார்வேயிலிருந்து வந்தோர் குடியேறியதில் தொடங்கி, அங்குள்ள வீடுகள் ஒவ்வொன்றாக ஆளற்றுப் போனதையும் அதற்கு அப்பால் ஓர் அணுப் பேரழிவையும் பாடுகிறது. 'கிரீன்வோ' (1972) நாவலில், ஹெல்யா என்னும் கற்பனைத் தீவின் சிற்றூர் இரகசிய இராணுவத் திட்டமொன்றால் அழிகிறது.

அவருடைய படைப்புகளுள் மிகத் துணிவானது 'மாக்னஸ்' (1973). ஆர்க்னியை ஆண்ட பிரபுக்களின் வரலாற்றை ஐஸ்லாந்தில் 1200ஆம் ஆண்டையொட்டித் தொகுத்த 'ஆர்க்னியிங்கா சாகா', எகில்சே தீவில் சிறைப்பட்ட மாக்னஸ் பிரபுவைக் கொல்லக் கொடிவீரன் மறுத்துவிட, லிஃபோல்ஃப் என்னும் சமையல்காரன் அழுதுகொண்டே அதைச் செய்ததாகக் கூறுகிறது. பிரவுன் இக்கொலைக் காட்சியைத் திடீரென 20ஆம் நூற்றாண்டின் நாஜி வதைமுகாமுக்கு மாற்றி, ஹிட்லரை எதிர்த்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரை நினைவூட்டும் கைதி ஒருவரை மாக்னஸின் இடத்தில் நிறுத்துகிறார். கொலை செய்யப் பணிக்கப்படுபவனின் பெயர் அங்கும் லிஃபோல்ஃப் தான். 1961இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய பிரவுன், உயிர்ப்பலி காலந்தோறும் திரும்ப நிகழ்கிறது என்ற தம் நம்பிக்கையை இதனினும் வலுவாக வேறெங்கும் சொல்லவில்லை.

'பிசைட் தி ஓஷன் ஆஃப் டைம்' (1994) புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. உலகறிந்த பின்னரும் உள்ளூர் வார இதழான 'தி ஆர்கேடிய'னில் ஊர் நடப்பையும் வானிலையையும் பற்றி அவர் பத்தி எழுதிவந்தார். ஹோய் தீவில் குடியேறிய இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ், 'மாக்னஸ்' நாவலை இசை நாடகமாக்கி, 1977இல் தொடங்கிய புனித மாக்னஸ் விழாவில் அரங்கேற்றினார்.