பசி பிறக்கும் இடம்

பசி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவது மக்கள் இயல்பு. 'வயிறு காய்கிறது' என்பதே நம் வழக்கு. ஆயின், உணவு வயிற்றுக்குச் செல்லாமல் நேரே குருதிக் குழாய்க்குள் சென்றால் பசி அடங்குமா? இவ்வினாவின் வரலாற்றில் இந்திய அறிஞர் ஒருவருக்குச் சிறந்த இடம் உண்டு.

இங்கிலாந்தில் 1650களிலேயே கிறிஸ்டோபர் ரென் என்பார் நாயின் குருதிக் குழாயில் மதுவைச் செலுத்திப் பார்த்தார். 1832இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, வாந்திபேதி கண்டோர்க்கு அவ்வழியே உப்புநீர் ஏற்றினார். ஆனால் பசியைப் பற்றிய ஆய்வு பின்னரே எழுந்தது. 1949இல் ஜானோவிட்ஸ், கிராஸ்மன் முதலியோர் நாய்களுக்குக் குளுக்கோசை ஏற்றி ஆராய்ந்தபோது, அவை உண்ணும் அளவு குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை.

இதற்கிடையே ஆராய்ச்சி மூளையை நோக்கித் திரும்பியது. 1940இல் ஹெதரிங்டன், ரான்சன் ஆகியோர் எலியின் மூளை அடிப்பகுதியான ஹைப்போதலாமசின் நடுப்பகுதியைச் சிதைத்தனர். எலிகள் மிகக் கொழுத்தன. அத்தகைய எலிகள் அளவின்றி உண்பதும் பின்னர்த் தெரிந்தது. மணிமேகலையில் யானைத்தீ நோயுற்று எவ்வளவு உண்டும் பசி தீராத காயசண்டிகையை இங்கே தமிழாசிரியர் நினைவுகூர்வர். 1951இல் லாகூரில் பிறந்த பால் கிருஷ்ண ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் புரோபெக்குடன் ஆராய்ந்தபோது இதற்கு மாறான ஒன்றைக் கண்டார். அப்பகுதியின் இரு பக்கங்களிலும் சிற்றிடம் சிதைந்தால் எலி உணவையே தொடாது பட்டினியால் மடியும்.

ஆனந்த் பின்னர்ப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியல் துறையை நிறுவினார். அங்கே அவரும் பல்தேவ் சிங் முதலியோரும் விலங்குகளின் குருதியில் குளுக்கோசை ஏற்றினர். நிறைவை உணர்த்தும் நடுப்பகுதி நரம்பணுக்கள் விரைந்து இயங்கின. பசியைத் தூண்டும் பக்கப் பகுதி அடங்கியது. இது 1962இல் வெளியாயிற்று.

அப்படியானால் நாய்கள் ஏன் தொடர்ந்து உண்டன? குருதிச் சர்க்கரை மூளைக்குச் செல்லும் செய்திகளுள் ஒன்றே. நாக்கு, இரைப்பை, குடல் ஆகியவையும் தத்தம் செய்தியை அனுப்புகின்றன. 1976இல் நிகோலாயிடிஸ், ரோலண்ட் இருவரும் எலிகளுக்கு நாளம் வழியே ஊட்டமளித்தனர். அவை குறைவாக உண்டன. எனினும் ஏறிய ஊட்டத்தின் முழு அளவுக்குக் குறைக்கவில்லை. ஒரே இடம் பசியைத் தனித்து ஆளுகிறது என்னும் எளிய கருத்தையும் பின்னாளைய ஆய்வுகள் திருத்தியுள்ளன.

1968இல் டட்ரிக் குழுவினர் நாளவழி ஊட்டத்தாலேயே நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினர். ஆனால் அது புரதம் முதலிய அனைத்தும் சேர்ந்த முழு ஊட்டம். 'டிரிப் போட்டாயிற்று, இனிச் சோறு எதற்கு?' என்போர் தோட்டத்திலும் உண்டு, தேக்காவிலும் உண்டு. ஒரு லிட்டர் ஐந்து விழுக்காட்டுக் குளுக்கோஸ் நீரில் இருப்பது 50 கிராம் சர்க்கரையே; அது ஏறத்தாழ 200 கலோரி தரும். ஒரு நேரச் சோற்றுக்கும் அது ஈடாகாது. உண்ணத்தக்க நோயாளிக்கு, மருத்துவர் தடுக்காதவரை, கஞ்சியை வாய்வழி கொடுப்பதே முறை. பசி வயிற்றில் மட்டும் பிறப்பதன்று. ஊசியால் மட்டும் அது தீர்வதுமன்று.