சதுரக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஆலயத்துப் பழைய தகரப் பெட்டியில் இருக்கிற செப்புக் காசுகளை, வரும் தைப்பூசத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போறோம். இதைக் கேள்விப்பட்டதும் பல பேர், "புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்ச்சா தங்கம் மாதிரி ஆயிடும்"னு சொன்னாங்க. ஒருத்தர் பிராசோ டின்னையே கொண்டு வந்துட்டார். நல்ல மனசுதான். ஆனா தொண்டர்கள் நாங்க கூடிப் பேசி, தேய்க்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஏன்னு சொல்லணும் இல்லையா.

பெட்டியில் பெரும்பாலும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு காசுகள். வட்டம் இல்ல, மூலை மழுங்கின சதுரம். வீட்டில் பெரியவங்ககிட்ட "சதுரக் காசு"ன்னு சொல்லிப் பாருங்க, உடனே முகம் மலரும். இந்த மன்னர் காலத்துச் சதுரக் காசுகளில் 1939, 1940, 1941, 1943, 1945 என்ற வருஷங்கள்தான் வரும்.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கினது 1929இல். காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டது நம்ம முன்னோர்கள். 1930களில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசுன்னு இருந்த காலம் உண்டு. விலை விழுந்த வருஷங்களில் அதையும் குறைச்சாங்க. அந்தக் கூலியில் இருந்து ஒரு காசை எடுத்து உண்டியலில் போட்ட அம்மா பேர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடையாது. அவங்க போட்ட காசும் அதில் இருக்கிற வருஷமும்தான் மிச்சம்.

1943ஐப் பாருங்க. அப்போ இங்கே ஜப்பான்காரன் ஆட்சி. கையில் புழங்கினது வாழைமரம் போட்ட நோட்டு. அந்த நேரத்தில் ஜார்ஜ் மன்னர் தலையோட புதுக் காசு இங்கே எப்படி வரும்? 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகுதான் அது நம்ம ஆளுங்க கைக்கு வந்திருக்கணும். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவங்கள்ல உயிரோட திரும்பினவங்க வீட்டுக்கு வந்த காலமும் அதுதான். கடைசி எண் 3 தேய்ஞ்சு போச்சுன்னா இந்தக் கதையே போச்சு.

எங்களில் சில பேர் தொழிற்சாலையில் இரும்பு, பித்தளையோட பழகுறவங்க. பளபளப்புன்னா மேல் உலோகம் கொஞ்சம் போச்சுன்னு அர்த்தம். குத்துவிளக்கு கனமானது, வாராவாரம் தேய்ச்சாலும் தாங்கும். காசில் எழுத்து உயரமே முடி அளவுதான். புளியில் இருக்கிற அமிலம் கறுப்பைக் கரைக்கும், சரி. கூடப் போடுற உப்புதான் பெரிய வினை. அது காசோட சின்னச் சின்னக் குழியில் தங்கி, நம்ம ஊர் பனி ஈரத்தோட சேர்ந்து உள்ளேயே அரிக்கும். வெளிர் பச்சை மாவு மாதிரி பூத்து வரும். வெண்கல நோய்னு சொல்வாங்க. கெட்டியா, வழவழன்னு இருக்கிற பழுப்பும் கரும்பச்சையும் வேற, அது காசுக்குத் தோல் மாதிரி. அதை உரிக்கக் கூடாது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதுக்குன்னு ஒரு வேதியியல் கூடம் அமைச்சாங்க. விக்கிரகங்கள் பச்சை பூத்து அரிச்சுக்கிட்டே போனதுதான் காரணம். அங்கே பரமசிவன் என்ற அறிஞர், மின்சாரம் செலுத்தி அந்த அரிப்பை நீக்கும் வேலையைச் செஞ்சார். சாமி சிலைக்கே அவ்வளவு நிதானம்.

இன்னொண்ணு. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு பழைய செப்புக் காசில், குதிரை உருவத்துக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் "பெருவழுதி" என்ற பாண்டியன் பெயரைக் கண்டுபிடிச்சார். அதுவும் சதுரக் காசுதான்! சங்க கால மன்னர்கள் சொந்தமா காசு வெளியிட்டாங்கன்னா நம்பாத அறிஞர்கள் பல பேர் இருந்தாங்க. அந்தக் காசை யாராவது முன்னாடியே மணல் போட்டுத் தேய்ச்சிருந்தா? நினைச்சுப் பாருங்க.

நாங்க செய்றது இவ்வளவுதான். பேட்டரிக் கடையில் விக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணியில் காசை ஊறப்போடுறோம், தண்ணியைத் தினம் மாத்துறோம். எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், விபூதி எல்லாம் தானா இளகும். மூங்கில் குச்சி முனையால் மெதுவா எடுத்து, துணியில் ஒத்தி, நல்லா உலர்த்தி, ஒவ்வொண்ணையும் தனித்தனிக் காகித உறையில் போடுறோம். ரப்பர் மாதிரி மணக்கிற மெத்துப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதுவே காசைப் பச்சையாக்கும். பச்சை மாவு பூத்த காசுகளைத் தனியா வச்சிருக்கோம். விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம அதில் கை வைக்க மாட்டோம்.

உங்க வீட்டுச் சாமி மேடையில் தாத்தா பாட்டி காலத்துக் காசு இருந்தா, கழுவாம அப்படியே கொண்டு வாங்க. ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் இருப்போம். வருஷத்தைப் படிச்சு நோட்டில் எழுதிட்டுக் காசை உங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துடுவோம். யார் வச்சிருந்த காசு, எந்தத் தோட்டம், எந்த லயம்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க, எழுதிக்கிறோம்.