ஒரு பருவத்துக்குப் போனவர்கள்

மதுரையிலிருந்து ராமேசுவரம் செல்லும் ரயில் பாதையில், பாம்பன் கடலுக்குச் சற்று முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் உண்டு. மண்டபம் ஊரின் பெயர்; கேம்ப் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நிறுத்திவைத்து, தொற்றுநோய் உண்டா என்று சோதித்து அனுப்புவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த முகாம் அது. முகாம் எழுந்தபோதே அந்தப் பயணத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகியிருந்தது.

பனிச்சறுக்குப் பருவம் தொடங்குமுன், வேலை எதுவும் உறுதியாகாமலே ஆல்ப்ஸ் மலையூர்களுக்குச் சென்று, விடுதியிலோ உணவகத்திலோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, பனி உருகும்போது ஊர் திரும்பும் அயல்நாட்டு இளைஞர்களைப் பற்றி இன்று படிக்கிறோம். ஒரு பருவத்தை நம்பிக் கடல் கடந்து குளிர்மலை ஏறுவது நமது வறண்ட சமவெளிக்கும் புதியதன்று. அவர்களை அழைத்தது பனி. நம்மவரை அழைத்தது காப்பிப் பழம். நம்மவரை விரட்டிய பசி அவர்களுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1830களின் பிற்பகுதியில் கண்டிச் சீமையின் மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் பெருகின. பழம் பறிப்பதற்கு ஆவணியிலிருந்து கார்த்திகை வரை ஆயிரக்கணக்கான கைகள் தேவை. பறித்து முடிந்தால் பெரும்பகுதியினருக்கு வேலையில்லை. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் நெல் வேளாண்மையில் கைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களோடு இந்தப் பருவம் பெரிதும் பொருந்திவந்தது. எனவே கூலியாட்கள் கூட்டமாகப் புறப்பட்டார்கள்; கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அறுவடைக்குத் திரும்பினார்கள்.

மொரீசியசுக்கும் பிஜிக்கும் சென்றவர்கள் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டே கப்பலேறினர். இலங்கைக்குச் சென்றவரிடம் அப்படிப்பட்ட ஒப்பந்தச் சீட்டு இல்லை. வேலை எந்தத் தோட்டத்தில், எந்தத் துரையிடம் என்பது பலருக்கு மலையடிவாரம் சேரும்வரை தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னே நடந்த கங்காணியை மட்டுமே. பெரும்பாலும் அவர் அதே ஊர்க்காரர், உறவுக்காரர்.

வைகைச் சமவெளியைக் கடந்து கடற்கரை சேர்ந்து, பாய்மரத் தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளைவரை 200 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். தண்ணீரற்ற காடு அது. வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைத் தின்றன. விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. பின்னாளில் கிணறுகளும் தங்குமிடங்களும் மருத்துவமனைகளும் வந்ததே அந்தச் சாவுகளுக்குச் சான்று.

ஒப்பந்தச் சீட்டு இல்லை என்பதால் அவர்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சீட்டின் இடத்தில் கடன் இருந்தது. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் கங்காணி கொடுத்த முன்பணம் முதல் நாளிலேயே பேரேட்டில் ஏறியது. ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டப்படி முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவது குற்றம். கடனைக் குறிக்கும் 'துண்டு' முறையோ 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. வேலை உறுதியில்லாமல் புறப்பட்டவருக்குக் கடன்மட்டும் உறுதியாக இருந்தது.

1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளியாயிற்று. அதே ஆண்டில்தான் காப்பி இலையில் துருநோய் கண்டறியப்பட்டது. இடையே 1876-78இன் தாது வருடப் பஞ்சம் மேலும் பெருங்கூட்டத்தை அக்கரைக்குத் தள்ளியது. 1880களில் காப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. இங்கேதான் வரலாறு திரும்புகிறது என்று நான் கருதுகிறேன். காப்பிக்குப் பருவம் உண்டு, தேயிலைக்கு இல்லை. கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்க்கும். சில நாள்களுக்கு ஒருமுறை கிள்ளியாக வேண்டும். ஆண்கள் மிகுதியாக வந்துபோன இடத்தில் குடும்பங்கள் லயன் அறைகளில் தங்கின. ஒரு பருவம் தலைமுறைகளாக நீண்டது.

ஆனால் 'வந்து போகிறவர்கள்' என்ற பழைய பெயர் மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தந்தையின் பிறப்புக்கும் சான்று கேட்டது; அது இல்லையென்றால் பாட்டன், முப்பாட்டன் இருவரின் பிறப்புக்கும். முப்பாட்டனோ பதிவேடு எதிலும் ஏறாமல் மன்னார்க் காட்டில் நடந்து வந்தவர். விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழிசெய்த 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்ததை நிறுவச் சொன்னது. ஊரிலுள்ள தாயைப் பார்க்க வந்து நெடுநாள் தங்கிவிட்டதுகூட ஒருவருக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்றாயிற்று. பருவத்துக்கு வந்தவன் என்பது வறுமையின் விளைவு. சட்டம் அதைப் பற்றின்மையின் அடையாளமாக வாசித்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக்கொள்ளப்படும் என்று விடப்பட்டது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் கப்பலேறி வந்தவர்களில் பலர் இந்த மண்ணை அதற்குமுன் கண்டதேயில்லை. அவர்கள் வந்திறங்கியபோது தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபம் முகாமில்தான். 1983க்குப் பிறகு அகதிகளையும் அதுவே ஏற்றது.

போகும்போது அவர்களை நோயாளிகளோ என்று ஐயுற்ற முகாம், திரும்பும்போது அந்நியர்களோ என்று ஐயுற்றது. வேலை தேடி ஊர்விட்டுப் போகிறவர்களுக்கு முன்பணமும் வழித்துணையும் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. போன இடத்தில் அவர்கள் யார் என்பதற்கான சான்று மட்டும் காலம் கடந்தே கேட்கப்படுகிறது. அடுத்தமுறை அந்த நிலையத்தில் ரயில் நிற்கும்போது, பெயர்ப்பலகையின் இரண்டாவது சொல்லையும் சேர்த்து வாசியுங்கள்.